உங்களுக்குத் தெரியுமா? – புதையும் தரையில் பின் அப்சோர்பர்

மெர்சிங்கில் பனி பெய்யாது. ஆனால் சக்கரம் புதையும் தரைக்கு இங்கே குறைவில்லை. ஆயர் பாப்பான் கடற்கரையின் உலர்ந்த மணல், பருவமழையில் குழைந்துபோகும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண், காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தாவுக்குப் போகும் காட்டுப்பாதை என்று எல்லாமே வண்டியின் பின்பக்கத்தைச் சோதிக்கும் இடங்கள். கனடாவில் இடுப்பளவு பொடிப்பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுபவரும், நித்தாரில் காப்சாய் ஏறி வேலைக்குப் போகிறவரும் பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எடை பின்பக்கம் எப்படி உட்காருகிறது? எஞ்சினுக்குப் பணம் கொட்டுமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

● பின் ஸ்பிரிங்கை முறுக்கினால் அது கெட்டியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கெட்டியாகாது. ஒரு ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் விசை வேண்டும் என்று வையுங்கள். வளையத்தைத் திருகி அதை 10 மில்லிமீட்டர் முன்கூட்டியே அமுக்கிவிட்டால், 200 நியூட்டன் சுமை ஏறும்வரை அது அசையாது. அதைத் தாண்டியதும் பழையபடி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்தான். மாறுவது வண்டி நிற்கும் உயரம் மட்டுமே. நிஜமாகவே கெட்டியான ஸ்பிரிங் வேண்டுமானால் தடித்த கம்பியில் சுற்றிய வேறொன்றை மாட்ட வேண்டும். சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் இடைவிட்டும் இருக்கும் ஸ்பிரிங்குக்கு மட்டும் கணக்கு சற்று வேறு. நெருங்கிய சுருள்கள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மிச்சமுள்ளவை கூடுதலாக எதிர்க்கும்.

● "அண்ணே, பின்னால ரொம்பத் தூக்கிப் போடுது. அப்சோர்பர் மாத்திரலாமா?"

"இரு தம்பி, மொதல்ல அளந்து பாப்போம்."

இப்படிச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் எடுப்பது ஓர் அளவுநாடாவும் ஒரு பென்சிலும்தான். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிவிடுவார். சக்கரத்தின் அச்சு நட்டிலிருந்து நேர் மேலே, இருக்கைக்குக் கீழுள்ள மூடியில் ஒரு கோடு போடுவார். அச்சுக்கும் கோட்டுக்கும் நடுவே முதல் அளவு. உதாரணத்துக்கு 500 மில்லிமீட்டர். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டுவிட்டு, ஆள் ஏறாமல் அளப்பார். 490. கடைசியாக நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டை, சப்பாத்து, முதுகுப்பையோடு ஏறி உட்கார வேண்டும். இன்னொருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது அளவு. 475. முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் 25 மில்லிமீட்டர். அதுதான் உங்கள் எடைக்கு வண்டி கொடுக்கும் இறக்கம். பின்சக்கரம் மொத்தமாக 80 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் வண்டியென்றால் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சரியான இடம். பின்னால் மனைவியும் ஓர் அரிசி மூட்டையும் ஏறி இறக்கம் 40 ஆகிவிட்டால் பாதி ஓட்டம் புறப்படுமுன்பே தீர்ந்துவிட்டது. முதல் பள்ளத்திலேயே அப்சோர்பர் அடித்தட்டில் மோதும். பையனின் குறை பெரும்பாலும் இதுதான். புதிய அப்சோர்பர் வாங்காமலே தீரும்.

● நடு அளவை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தமா என்று சொல்வது அதுதான். ஆளோடு இறக்கம் சரியாக வந்தும், ஆளில்லாமல் வண்டி கொஞ்சமும் இறங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிந்தது. வளையத்தை அளவுக்கு மீறி முறுக்கி ஈடுகட்டியிருக்கிறீர்கள். ஆளில்லாமலே நிறைய இறங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் தடித்தது.

● மோட்டோகிராஸ் பந்தய வண்டியின் பின்சக்கரம் சுமார் 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். ஓட்டுபவரோடு 100 மில்லிமீட்டர் அளவு இறங்கும்படி வைப்பது வழக்கம். அங்கும் அதே மூன்றில் ஒரு பங்கு. பெல்ஜியத்தின் லொம்மல் போன்ற ஆழ்மணல் தடத்துக்குப் போகும்போது பலர் இன்னும் சில மில்லிமீட்டர் கூடுதலாக இறக்கிக்கொள்கிறார்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரத்தின் சுமை குறையும், முன்கவை சற்றுச் சாயும். முன்சக்கரம் மணலில் குத்தி மடங்காமல் மேலே ஓடும்.

● காற்று குறைத்தால் ஏன் மணலில் புதைவதில்லை? கணக்கு எளிது. காப்சாயின் பின்சக்கரம் 100 கிலோ தாங்குகிறது, டயரில் 28 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். உள்ளங்கையைவிடச் சிறியது. காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். தரைமேல் அழுத்தம் பாதியாகும். ட்யூப் போட்ட டயரில் மட்டும் கவனம் வேண்டும்: காற்று மிகவும் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் நழுவிச் சுழலும், ட்யூபும் கூடவே இழுபட்டு வால்வு அடியோடு பிய்ந்துவிடும். மோட்டோகிராஸ் வண்டிகளில் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்க ஒரு பூட்டு வைத்திருப்பது இதற்காகவே. காப்சாயில் அது இல்லை. தார்ச்சாலைக்கு ஏறுமுன் காற்றைத் திரும்ப நிரப்பிவிடுங்கள்.

● இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் படைப் பொறியாளர். 1920களிலும் 30களிலும் ஃபோர்டு கார்களோடு லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளைக் கடந்தார். டயரில் காற்றைக் குறைப்பது, சிக்கிய சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு செருகுவது என்று இன்று எல்லாரும் செய்யும் வேலைகளை அவர் குழு அங்கே முறைப்படுத்தியது. 1940இல் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவைத் தொடங்கினார். 1941இல் காற்றில் பறக்கும் மணலின் இயற்பியல் பற்றி அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

● ஸ்னோமொபைலின் கதை ஒரு குழந்தையின் மரணத்தோடு பிணைந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூர். 1934 குளிர்காலத்தில் அங்கே ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் சின்ன மகன் கடும் நோயில் விழுந்தான். பனியில் பாதைகள் மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை, பிள்ளை இறந்துபோனான். அதற்கு முன்பே பனியில் ஓடும் வண்டிக்காக முயன்றுகொண்டிருந்த அந்த மெக்கானிக், பிறகு அந்த வேலையை விடவில்லை. பல்சக்கரம் இழுக்கும் ரப்பர் பட்டையைச் சீர்செய்தார்; 1937இல் ஏழு பேர் அமரும் பி7 வண்டி வந்தது. ஒருவர் இருவர் ஏறும் சிறிய ஸ்கீ-டூ 1959இல் வெளியானது. மருத்துவரும் அஞ்சலும் பள்ளிப் பிள்ளைகளும் போய்ச்சேரத்தான் அவருடைய பெரிய வண்டிகள் முதலில் ஓடின. விளையாட்டு பிறகு வந்தது.

● இனி பொடிப்பனி. புதிதாக விழுந்த பொடிப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே அளவு தண்ணீர் 1,000 கிலோ. அந்தப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அதன்மேல் ஆளோடு 300 கிலோ எடை போக வேண்டும். அதனால்தான் மலை ஸ்னோமொபைலின் ரப்பர் பட்டை அவ்வளவு நீளம்: சுற்றளவு 154, 165 அங்குலம் என்று போகும், அதாவது 4 மீட்டரை ஒட்டி. பட்டையின் பற்கள் இரண்டரை முதல் மூன்று அங்குல உயரம். சமன் செய்த தடத்தில் ஓடும் வண்டிக்கு இதில் பாதிப் பல் போதும்.

பட்டைக்கு உள்ளேதான் பின் சஸ்பென்ஷன் முழுவதும் ஒளிந்திருக்கிறது. இரண்டு நீளமான தண்டவாளங்கள். அவற்றை உடலோடு இணைக்கும் முன்கை ஒன்று, பின்கை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் அப்சோர்பர். முன்கை எவ்வளவு கீழே இறங்கலாம் என்று பிடித்து நிறுத்த ஒரு வார்ப்பட்டை. பொடிப்பனிக்காரர்கள் அதிகம் பேசுவது இந்தச் சாதாரண வாரைப் பற்றித்தான். வாரைக் குட்டையாகக் கட்டினால் எடை முன்னாலுள்ள ஸ்கீகளுக்குப் போகும். வண்டி நன்றாகத் திரும்பும், செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு வானத்தைப் பார்க்காது. நீளமாக விட்டால் ஸ்கீகள் லேசாகும், பட்டை பனியைச் சந்திக்கும் கோணமும் மாறும். முன் அப்சோர்பரின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் தண்டவாளங்களின் முன்முனை எளிதில் மேலே எழும்; பட்டை பனியை முட்டித் தள்ளாமல் அதன்மேல் ஏறத் தொடங்கும். பொடிப்பனிக்கு வேண்டியது அந்த ஏறுகோணம்தான்.

பின் ஸ்பிரிங்கோ நம் காப்சாயின் கதையே. மிகவும் தளர்ந்திருந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். எக்ஸெலரேட்டரை அழுத்த அழுத்தப் பட்டை கீழ்நோக்கியே தோண்டும். வண்டி தனக்கு ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் இறங்கிக்கொள்ளும். மிகவும் விறைத்திருந்தால் பின்பக்கம் தூக்கி, மூக்கு பனிக்குள் முங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் ஒவ்வோர் ஆளின் எடைக்கும் உண்டு. பெட்ரோல் தொட்டி நிறைந்திருக்க, முதுகில் மண்வாரியும் மீட்புப் பையும் மாட்டிக்கொண்டு அளந்தால்தான் அது பிடிபடும். வார், முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, பிறகு அடுத்தது.

● பொடிப்பனியின்மேல் ஏறி ஓடும் இந்த வித்தையை மெர்சிங் படகுத்துறையில் நின்றால் வெயிலிலேயே பார்க்கலாம். தியோமானுக்கும் ராவாவுக்கும் புறப்படும் விசைப்படகு மெதுவாகப் போகும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. வேகம் கூடியதும் எழும்பி மேற்பரப்பின்மேல் சறுக்கத் தொடங்குகிறது. பொடிப்பனியில் ஸ்னோமொபைல் செய்வதும் இதுவே. படகோட்டி வெளிப்புற மோட்டாரின் சாய்வைக் கூட்டிக் குறைத்து மூக்கின் உயரத்தைப் பிடிப்பார். சாய்வு கூடிப்போனால் படகு தலையாட்டத் தொடங்கும். ஒரு வேறுபாடு உண்டு: படகு எழும்பும் நேரத்தில் மூக்கைத் தாழ்த்தி வைப்பார்கள், ஸ்னோமொபைலுக்கோ தொடக்கத்திலேயே மூக்கு மேலே வேண்டும். தண்ணீர் நகர்ந்து வழிவிடும். பனி முன்னால் குவிந்து சுவராகிவிடும்.

● கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஸ்னோமொபைல் சங்கங்கள் பராமரிக்கும் தடங்கள் சுமார் 30,000 கிலோமீட்டர். டொரொன்டோவைச் சுற்றி வாழும் ஈழத்தமிழர்கள் வார இறுதியில் வடக்கே போனால் பார்ப்பது இந்தத் தடங்களைத்தான். அங்கே பனி இயந்திரத்தால் இறுக்கிச் சமன் செய்யப்பட்டிருக்கும். பொடிப்பனிக்கு வைத்த அமைப்போடு அதில் இறங்கினால் ஸ்கீகள் பிடிக்காமல் வளைவில் நேரே போய்விடும். தடத்துக்கு வாரைக் குறுக்கி, ஸ்கீகளுக்கு எடை கொடுக்க வேண்டும்.

● வெறும் சாலையில் ஸ்னோமொபைலை ஓட்டினால் சிறிது தூரத்திலேயே அது சூடேறிக் கெடத் தொடங்கும். தண்டவாளத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் சறுக்குப்பட்டிகளுக்கு மசகு, பனிதான். பட்டை வாரி இறைக்கும் பனிதான் எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் குழாய்களையும் நனைக்கிறது.

● காற்று நிரப்பிய அப்சோர்பரை வீட்டுக்குள் 20 டிகிரி வெப்பத்தில் சரிபார்த்துவிட்டு, மைனஸ் 20 டிகிரியில் வெளியே எடுத்துப் போனால் உள்ளழுத்தம் 14 விழுக்காடு இறங்கிவிடும். பின்பக்கம் தானாகவே தாழ்ந்து நிற்கும். அதனால் அனுபவசாலிகள் வண்டியை வெளியே நிறுத்தி, குளிர்ந்த பிறகே அழுத்தம் பார்க்கிறார்கள். மெர்சிங்கில் காலை 24 டிகிரி, நண்பகல் 34 என்றால் மாற்றம் சுமார் 3 விழுக்காடு மட்டும். இந்தக் கவலை நமக்கு இல்லை. நம் கவலை வேறு: வெப்பத்தில் அப்சோர்பர் எண்ணெய் நீர்த்துப்போவது.

● அப்சோர்பர் செய்யும் வேலை, குலுக்கலைச் சூடாக மாற்றுவது. மேடு பள்ளமான தோட்டப் பாதையில் வெகுநேரம் ஓட்டியபின் தொட்டுப் பார்த்தால் தெரியும். எண்ணெயோடு சாதாரணக் காற்று கலந்திருந்தால் இந்த அடியில் நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்க்கும் வலு இல்லை. இதற்குத் தீர்வு கண்டவர் பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன். எண்ணெயையும் அழுத்தமூட்டிய வாயுவையும் நகரும் தடுப்பால் பிரித்து வைத்த ஒற்றைக் குழாய் அப்சோர்பரை 1953இல் கொண்டுவந்தார். நைட்ரஜனை நிரப்புவது, அதில் ஈரம் இல்லை, எண்ணெயோடு வினை புரியாது என்பதால்.

● தோட்டத்து மண்சாலையில் துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக எழும் மேடுகளுக்கு யார் காரணம்? லாரிகளின் ஸ்பிரிங் துள்ளல்தான் என்று நெடுநாள் நம்பிக்கை. 2007இல் தபெர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் என்ற மூவர் சுழலும் மணல்மேடையில் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். பிறகு ஸ்பிரிங்கே இல்லாத ஒரு தகட்டை இழுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் வரிகள் எழுந்தன. மணலும் வேகமும் சேர்ந்தாலே போதும். மிக மெதுவாக, ஆள் நடக்கும் வேகம் அளவுக்குப் போனால்தான் மணல் சமமாக இருக்கிறது. வேலை நேரத்தில் யாரும் அப்படிப் போக முடியாது.

இந்த வரிகளில் அகப்படும் கோளாறு ஒன்று உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவதைத் தடுக்கும் எண்ணெய்த் தடைக்கு ரீபவுண்ட் என்று பெயர். அது அதிகமாக வைக்கப்பட்டிருந்தால், முதல் வரியில் அமுங்கிய சக்கரம் முழுதாகக் கீழே வருமுன் இரண்டாவது வரி அடிக்கும், பிறகு மூன்றாவது. வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் ஸ்பிரிங்கே இல்லாததுபோல் நடக்கும். ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் கெட்டி என்று தோன்றும். உண்மையில் அது திரும்ப விரிய நேரமில்லாமல் தவிக்கிறது. திருகு இருக்கும் அப்சோர்பர் என்றால் ரீபவுண்டை ஓரிரண்டு சொடுக்கு தளர்த்திப் பாருங்கள்.

● அலை பின்வாங்கிய ஈரமணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்து உலர்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? 1885இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் கொடுத்தார். நெருக்கமாக அடுக்கப்பட்ட மணிகளை நகர்த்தினால் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறியாக வேண்டும்; இடைவெளி பெருகும்; மேற்பரப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். அந்தக் கணத்தில் மணல் கெட்டியாக எதிர்க்கும். சக்கரத்தைச் சுழலவிட்டு அந்த அடுக்கைக் கலைத்துவிட்டால் எதிர்ப்பு போய்விடும், வண்டி இறங்கும். ஈரமணலில் கிளட்சைக் கனிவாக விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பனியில் ஒரு வசதி உண்டு, மணலில் இல்லாதது. கலைத்து மிதித்த பனியின் மணிகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். சிக்கிய ஸ்னோமொபைலுக்கு முன்னால் பனியை மிதித்துப் பாதை செய்து, கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அது வண்டியைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். அவசரப்படுகிறவர்தான் மறுபடி தோண்டுவார்.

● ஒய்15 இசட்.ஆர். போன்ற வண்டிகளின் பின்னால் இருக்கும் ஒற்றை அப்சோர்பரின் மூதாதை பெல்ஜியத்தில் பிறந்தது. லூசியன் தில்கென்ஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்ததை யமாஹா எடுத்துக்கொண்டது. 1973இல் ஹோக்கன் ஆண்டர்சன் அந்த அமைப்போடு 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். மணலிலும் சேற்றிலும் பிறந்த யோசனை இன்று ஜாலான் குளுவாங்கில் தார்மேல் ஓடுகிறது.

● ஹைலக்ஸ் பிக்கப் காலியாகப் போகும்போது பின்னால் குதிக்கிறது, செம்பனைக் குலை ஏற்றியதும் அமைதியாகிறது. பின்னால் இருப்பது இலை ஸ்பிரிங். சுமையைக் கணக்கில் வைத்துத் தடிமன் வைத்திருக்கிறார்கள். சுமை கூடக்கூட அடியிலுள்ள தடித்த இலையும் வேலைக்கு வரும். இலைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஓரளவு அப்சோர்பர் வேலையும் செய்கிறது. கம்போங் பெத்தா பாதை காஹாங்கிலிருந்து 56 கிலோமீட்டர். அதில் காலி வண்டியோடு போகிறவர்கள் பின்னால் கொஞ்சம் எடை வைத்துக்கொண்டால் முதுகு தப்பும்.

● காஷ்மீரின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகள் ஸ்னோமொபைலில் ஏறுகிறார்கள். அந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 2,650 மீட்டர். 300 மீட்டர் ஏறினால் சாதாரண எஞ்சின் 3 விழுக்காடு வலு இழக்கும் என்பது பட்டறைக் கணக்கு. அப்படியானால் அங்கே கால்பங்கு வலு போய்விட்டது. மிச்சமுள்ள வலுவை வீணாக்காமல் பனிக்குக் கொடுப்பது பின் சஸ்பென்ஷனின் பொறுப்பாகிறது.

● கடற்காற்று அப்சோர்பரைக் கொல்வது மெதுவாகத்தான். முதலில் பளபளக்கும் கம்பியின்மேல் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள். விரல் நகத்தால் தடவினால் சிறு சொரசொரப்பு தட்டும். கம்பி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அந்தப் புள்ளி ரப்பர் சீலின் உதட்டைக் கீறும். சில வாரங்களில் கம்பியைச் சுற்றி எண்ணெய் வளையம். அதில் மணல் ஒட்டும். ஒட்டிய மணல் மேலும் அறுக்கும். பிறகு ஒருநாள் வண்டி மிதந்து மிதந்து ஓடத் தொடங்கும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் இதில் பெரும்பகுதி நடக்காது. வலுவான தண்ணீர்ப் பீய்ச்சியைச் சீலுக்கு நேராகக் காட்டாதீர்கள். அது மணலை உள்ளே தள்ளிவிடும்.

● பின்பக்க உயரத்தை மாற்றினால் சங்கிலியையும் பார்த்தாக வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஆடுகையின் அச்சு, முன்பல்சக்கரம், பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது சங்கிலி மிக இறுக்கமாகும். ஸ்டாண்டில் நிற்கும்போது அளவாகத் தொங்கிய சங்கிலி, சுமை ஏறி அந்தக் கோட்டைத் தொடும்போது நரம்புபோல் விறைத்துவிடக்கூடும். பேரிங்கும் தேயும், சங்கிலியும் நீளும்.

● மெர்சிங் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் பேராமையும் அழுங்காமையும் கரையேறி முட்டையிடுகின்றன. ஆமை ஏறும் எந்தக் கரையிலும் டயர் பதித்த பள்ளம், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குக் கடக்க முடியாத வாய்க்கால். அது கடலை நோக்கிப் போகாமல் பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் களைத்து, நண்டுக்கும் பறவைக்கும் இரையாகும். மணலில் ஓட்டிப் பழக ஆசை இருப்பவர்கள் ஆமை ஏறாத, அனுமதி உள்ள இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்.

● கடைசியாக ஒரு கணக்கு. சுமையால் பின்பக்கம் 20 மில்லிமீட்டர் தாழ்ந்தால் முன்விளக்கின் ஒளி எவ்வளவு உயரும்? காப்சாயின் இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே சுமார் 1,200 மில்லிமீட்டர். அறுபதில் ஒரு பங்கு சாய்வு. 30 மீட்டர் தூரத்தில் ஒளி அரை மீட்டர் மேலே போய்விடும். எதிரே வருபவரின் கண் கூசும். உங்கள் முன்னால் சாலை இருளும். குளுவாங்கிலிருந்து மெர்சிங் வரும் 50ஆம் எண் சாலையில் இரவில் யானையும் குறுக்கே வரக்கூடும். பின்னால் ஆளை ஏற்றி, ஸ்பிரிங் வளையத்தை ஒரு படி ஏற்றிய பிறகு, வண்டியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி விளக்கின் திருகையும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்குரூடிரைவர் ஒன்று போதும்.